பதினோரு பக்கத்தின் மேல் ஒரு விடுப்புக் கடிதம்

எங்கள் அலுவலகத்தில் வெற்றுத் தாளிலிருந்து கடிதம் தொடங்கும் வழக்கமே கிடையாது. கடைசியாக அடித்த கடிதத்தைத் திறப்போம், மொத்தத்தையும் அழிப்போம், அதே இடத்தில் புதியதை அடித்து வேறு பெயரில் சேமிப்போம். ஓரம், எழுத்தளவு எல்லாம் தயாராக இருக்கும். பதினாறு வருடமாகக் குடிநீர் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிற எனக்கு அது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. அந்தக் கைப்பழக்கத்தில்தான், என் வீட்டுக்காரர் மூன்று வாரமாக ஒற்றை விரலால் அடித்த பதினோரு பக்கத்தை ஒரு புதன்கிழமை காலையில் ஒழித்துக்கட்டினேன்.

அவர் கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவர். இரண்டு மாதத்துக்கு முன் அவர் தூக்கிய கம்பிக்கட்டு மூன்றாம் மாடிச் சுவரை இடித்துத் தள்ளியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவரை மேலே ஏற விடவில்லை. அந்தப் புதன்கிழமை இரண்டு மணிக்கு விசாரணை. எழுத்து விளக்கத்தோடு வர வேண்டும், அது எடுபடாவிட்டால் லைசென்ஸ் போய்விடும். கிரேனை விட்டால் அவருக்கு வேறொன்றும் தெரியாது. இரண்டு மாதமாகத் தரையில் எதையோ பறிகொடுத்தவர் மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

காலையில் அவர் சங்கச் செயலாளரைப் பார்க்கப் போயிருந்தார். பன்னிரண்டுக்குத் திரும்பி வந்து அச்செடுப்பதாக ஏற்பாடு. கூடப் போக நான் லீவு போட வேண்டியிருந்தது. வீட்டுக் கணினியில் எடிட்டரைத் திறந்தேன். அது கடைசியாக வேலை செய்த கோப்பைத் தானாகவே திறந்து வைக்கும். நான் கடிகாரத்தைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் அழித்தேன், காய்ச்சல் என்று அடித்தேன் (எங்கள் அலுவலகத்தில் யார் லீவு போட்டாலும் காய்ச்சல்தான்), அவசரத்தில் பெயரை மாற்றாமலேயே சேமித்தேன். தேதி தப்பாக இருந்ததைப் பார்த்துத் திருத்தி மறுபடியும் சேமித்தேன். மூடினேன். மின்னஞ்சலில் இணைக்கத் தேடினால் கடிதம் என்று ஒரு கோப்பும் இல்லை. ‘விளக்கம்’ என்று ஒன்று மட்டும் இருந்தது. அதைத் திறந்தால் எனக்குக் காய்ச்சல்.

ஒரு நிமிடம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு என்மேலேயே கோபம் வந்தது. நல்லவேளை வந்தது, கோபம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். அவர் வாசலில் கால் வைப்பதற்குள் பதினோரு பக்கமும் இந்த மேசைமேல் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

எங்கள் அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவரை ‘ஆஃப்-ஆன்’ என்றுதான் கூப்பிடுவோம். எதைக் கேட்டாலும் அணைத்துப் போடச் சொல்லுவார். போனில் நான் சொன்னதை முழுக்கக் கேட்டவர், அன்று மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

“அக்கா, முதல்ல எதையும் சேமிக்காதீங்க. அணைக்கவும் அணைக்காதீங்க. நான் சொல்றத மட்டும் செய்யுங்க.”

சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த எடிட்டர் முந்தைய பிரதியை அதே இடத்தில் ஒளித்து வைக்குமாம். மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்தேன். சாம்பல் நிறத்தில் இன்னொரு ‘விளக்கம்’ தெரிந்தது. உயிர் வந்தது. திறந்தேன். அதிலும் காய்ச்சல், தப்பான தேதியோடு. தேதியைத் திருத்தி இரண்டாம் முறை சேமித்தேனே, முந்தைய பிரதி என்பது என் முதல் கடிதமாகிவிட்டது. பதினாறு வருடமாக என்னைப் பிழையில்லாமல் அடிப்பவள் என்று பாராட்டிய அத்தனை பேரையும் மனதாரத் திட்டினேன்.

எப்போதாவது எடிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனதா என்று ஆஃப்-ஆன் கேட்டார். கரண்ட் போகவில்லை, நான்தான் பிடுங்கினேன். பத்து நாளைக்கு முன் இஸ்திரிப் பெட்டியைச் சொருகுவதற்காகக் கணினியின் பிளக்கை இழுத்துவிட்டேன். வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆஃப்-ஆன் சிரித்துவிட்டார். அப்படிப் பட்டென்று அணைந்தால் எழுதியதை அது தனியாக ஒரு மீட்பு அறையில் போட்டு வைக்குமாம். அந்த அறைக்கு வழி சொன்னார். நான்கு அடுக்கு உள்ளே போனேன். பெயரே இல்லாமல் எண்களாக ஒரு கோப்பு கிடந்தது. திறந்தேன். ‘ஐயா அவர்களுக்கு’ என்று தொடங்கியது. எட்டுப் பக்கம்.

முதலில் அதை வேறு பெயரில் சேமித்தேன். பிறகுதான் அழுதேன், கொஞ்சமாக. நேரம் பத்தரை.

மிச்சம் மூன்று பக்கமும் பெரும்பாலும் காற்றின் வேகக் கணக்குதான். கிரேனில் இருக்கும் காற்றுமானியின் தாள், விசாரணைக்காக வீட்டுக்காரர் எடுத்துவைத்த உறையில் இருந்தது. அதைப் பார்த்து அடிக்கத் தொடங்கினேன். நேரங்களை அடித்துக்கொண்டே போனபோது கை நின்றது. பலத்த காற்று வந்தது பத்து நாற்பத்திரண்டுக்கு. விசாரணை நோட்டீஸின்படி கம்பி சுவரை இடித்தது பத்து நாற்பத்தொன்றுக்கு. காற்றினால்தான் இடித்தது என்று மூன்று வாரமாக என்னிடம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாரே?

மீட்ட எட்டுப் பக்கத்தையும் வரிவரியாகப் படித்தேன். ஆறாம் பக்கத்தில், அவர் எனக்குப் படித்தே காட்டாத ஒரு பத்தி இருந்தது.

‘பத்து நாற்பதுக்கு என் பையிலிருந்த போன் மூன்று முறை அடித்தது. வீட்டிலிருந்து. நான் எடுக்கவில்லை. ஆனால் ஏதோ ஆகிவிட்டதோ என்று மனம் அங்கே போய்விட்டது. கீழே நின்றவர் நிறுத்தச் சொல்லிக் கை காட்டியதைச் சில நொடி தாமதமாகத்தான் பார்த்தேன்.’

கேபினில் போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி. அழைத்தது நான்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பதினோரு பக்கம் போனதற்கு அவர் கோபப்படவே இல்லை. திரையில் அந்தப் பத்தியைப் பார்த்ததும்தான் முகம் மாறியது.

“அத நான் அப்புறமா அழிச்சுட்டேன். நீயும் எடுத்துரு. உன்னை எதுக்கு அந்த ரூமுக்குள்ள இழுக்கணும்?”

“அவங்ககிட்டயும் இதே தாள் இருக்கும். ரெண்டு நேரத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்தா, பொய் சொல்றவர்னு எழுதி மூடிருவாங்க. தப்பு பண்ணவருக்குத் திரும்ப ஏற வழி இருக்கு. பொய் சொன்னவருக்கு இல்லைங்க.”

விதியை மீறியதை நாமே எழுதிக் கொடுப்பதா என்றார். நான் ஒற்றைக்காலில் நின்றேன். கடைசியில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். நான் அடித்தேன். காற்றுக் கணக்கு பாதிக்கு மேல் தேவைப்படவில்லை. ஒன்பது பக்கம் வந்தது. ஒன்றே காலுக்கு அச்செடுத்தோம். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று இடத்தில் சேமித்தேன்.

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் பொறியாளர். ஆறாம் பக்கத்தில் விரலை வைத்து, வீட்டிலிருந்து யார் அழைத்தது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

“நான்தாங்க. கத்தரிக்கோல் எங்கன்னு கேக்கறதுக்கு.”

“மூணு தடவையா?”

“அவர் எடுக்கலைங்கற கோபத்துல.”

ஒருவர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். பொறியாளர் சிரிக்கவில்லை. கத்தரிக்கோல் கிடைத்ததா என்று கேட்டார். என் கைப்பையிலேயே இருந்தது என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து மெல்ல இழுத்து உட்கார வைத்தார்.

இன்னும் ஒரு மாதம் தடை, ஒரு மறுபயிற்சி. அதற்குப் பிறகு ஏறலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். காற்றுமானித் தாளின் பிரதி பொறியாளர் முன்னால்தான் கிடந்தது. அந்த இரண்டு நேரத்தையும் அவர் ஏற்கெனவே சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்.

இப்போது அவர் மறுபடியும் கிரேனில்தான் இருக்கிறார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார். என்றைக்காவது பழக்கதோஷத்தில் அவரை அழைத்தால், என் சமையலறை அலமாரியிலேயே மணி அடிக்கிறது.