ஒரு பாட்டிலோடு ஒரு பெட்டிப் பூசணி

வெண்டெல் பௌமாவின் கடையில் 'நள்ளிரவுப் பிரசங்கம்' வந்து இறங்கிவிட்டது என்ற சேதி காதில் விழுந்தபோது, நான் ஒரு பெண்மணிக்கு வெள்ளச் சேதக் காப்பீடு ஏன் அவசியம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளம் வந்தால் வரட்டும் என்று பாதியில் எழுந்து ஓடினேன்.

'நள்ளிரவுப் பிரசங்கம்' என்பது ஒரு பீர். விஸ்கி ஊறிய மரப்பீப்பாயில் ஒரு வருஷம் கிடந்து, கறுத்து, கெட்டியாகி, நவம்பரில் ஒரே ஒரு தடவை வெளியே வரும். சின்ன பாட்டில், கழுத்து முழுக்கக் கறுப்பு மெழுகு. கடைக்கு ஓரிரு பெட்டிதான் கிடைக்கும். அதற்காக விடியற்காலைப் பனியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் இதே ஆண்களை ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வரச்சொல்லிப் பாருங்கள், முதுகுவலி என்பார்கள்.

எனக்கு அது வேண்டியிருந்தது நாக்குக்காக அல்ல, படுக்கைக்காக. பல் டாக்டர் லேலண்ட் போஸ்ட்மாவுக்கு மிஷிகனின் வடக்குக் காட்டில் ஒரு மரவீடு உண்டு. மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாளே நாங்கள் நான்கு பேர் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவோம். வீட்டில் அடுப்பை ஒட்டி ஒரு படுக்கை. மற்ற மூன்றும் ஜன்னல் ஓரம். நமக்குத்தான் அது ஜன்னல், காற்றுக்கு அது வாசல். லேலண்ட் ஒரு சட்டம் போட்டிருந்தார்: வருஷத்துக்கு ஒருவர் முறைவைத்துப் பிரசங்கம் கொண்டுவர வேண்டும். கொண்டுவருகிறவருக்கு அடுப்போரப் படுக்கை. தன் முறைக்கு வெறுங்கையோடு வருகிறவருக்கு அந்த வீட்டில் இனிமேல் இடம் கிடையாது. "இது தண்டனை இல்ல, கார்வின். தரக்கட்டுப்பாடு" என்பார். அப்படித் தரம் குறைந்துபோன கர்ட் என்பவர் இப்போதெல்லாம் மான் வேட்டைக் காலத்தில் மனைவியோடு மெத்தைவிரிப்புக் கண்காட்சிக்குப் போகிறார்.

இந்த வருஷம் என் முறை.

"ஒண்ணு குடுடா" என்றேன். வெண்டெலும் நானும் ஒரே பள்ளியில் ஒரே கணக்கில் தோற்றவர்கள்.

"தர்றேன். கூட அதையும் தூக்கிக்க" என்று கட்டைவிரலைப் பின்னால் காட்டினான். அங்கே கூரை வரைக்கும் பூசணிக்காய் பீர். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் போட்டு, அக்டோபரில் மட்டும் மனிதர்கள் வேடிக்கைக்காகக் குடிக்கிற சரக்கு.

"ஹாலோவீன் முடிஞ்சு போச்சேடா. பூசணிய மாடு தின்னு செரிச்சாச்சு."

"ஒரு பிரசங்கம் வேணும்னா ஒரு பெட்டிப் பூசணி. இருபத்திநாலு பாட்டில்."

"இப்படிக் கட்டாயப்படுத்தலாமா? சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"கட்டாயம்னு எவன் சொன்னான்? சிபாரிசு பண்றேன். நீ சிபாரிச ஏத்துக்கலேன்னா, பிரசங்கம் தீர்ந்துபோச்சேன்னு எனக்கு ஞாபகம் வந்துடும்."

"நீயெல்லாம் மனுஷனாடா?"

"எனக்கு வித்த மொத்த வியாபாரி மனுஷனா? ரெண்டு பெட்டி பிரசங்கத்துக்கு இந்தச் சுவரையே கட்டிட்டுப் போயிருக்கான். அவன் என் தலையில கட்டினான், நான் உன் தலையில கட்றேன். தேடிப் பாரு, உனக்கும் ஒரு தலை கிடைக்காமலா போயிடும்?"

பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மைத்துனன் ரஸ்ஸல் அந்த வாரம் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். எங்கே குளிர்ச்சியாக ஒரு பாட்டில் இருந்தாலும் கண்டுபிடித்துக் குடித்துவிடுகிற வேட்டைநாய் அவன். அந்த மூக்கும் அருவருத்து விலகுகிற இடம் ஒன்றுதான். பூசணிப் பெட்டியைத் திறந்து, ஒரு பாட்டிலை உருவிவிட்டு, அந்தக் குழியில் பிரசங்கத்தைச் செருகி, மூடி, கார் ஷெட் மூலையில் வைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே கொஞ்சம் புல்லரித்தது.

புதன்கிழமை சாயங்காலம் மூலை காலியாக இருந்தது.

"லோர்னா! இங்கிருந்த பெட்டி எங்க?"

"ஓ, அதுவா" என்றாள் என் மனைவி, உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல். "போன வருஷம் யாரோ நம்ம கார்ல வெச்சுட்டுப் போன பூசணி பீரத் தீர்க்க நான் ரொட்டி சுட்டேன், கறி ஊறவெச்சேன், தலைக்குக்கூடத் தேய்ச்சேன். இன்னொரு பெட்டி இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? ஞாயித்துக்கிழமை பாஸ்டரோட வண்டிக்குள்ள வெச்சுட்டேன்."

"பாஸ்டர் வண்டியிலயா!"

"அவர்தான் பூட்டறதே இல்ல."

இதில் அதிர்ச்சியடைய எதுவுமில்லை. எங்கள் ஊர் டச்சுக்காரர்களின் ஊர். நல்ல பொருளைக் கொட்டமாட்டோம். நல்லதல்லாத பொருளையும் கொட்டமாட்டோம். ஆகஸ்டில் எல்லார் தோட்டத்திலும் வெள்ளரி போலிருக்கும் சுக்கினிக்காய் காய்த்துத் தள்ளும்போது, தேவாலய வாசலில் பூட்டாமல் நிற்கிற காருக்குள் ஒரு பை காயைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவோம். எறிந்தால் அது பாவம், அடுத்தவர் காரில் வைத்தால் ஐக்கியம். திருட்டுக்குப் பயந்து இங்கே எவரும் காரைப் பூட்டுவதில்லை, சுக்கினிக்குப் பயந்துதான் பூட்டுகிறோம்.

பாஸ்டர் டீஸ்மா வாசலில் இலை வாரிக்கொண்டிருந்தார்.

"பீரா? என்னோட வண்டியிலயா?" என்று வானத்தைப் பார்த்தார். வானம் உதவவில்லை. "ஆமா, இருந்தது. கர்த்தரே குடுத்தார்னுதான் முதல்ல நெனச்சேன், கார்வின். அப்புறம் பெட்டிமேல என்ன எழுதியிருக்குன்னு பார்த்தேன். கர்த்தர் இல்லேன்னு தெரிஞ்சுபோச்சு."

"என்ன பண்ணீங்க?"

"பகிர்ந்துக்கணும்னுதானே எல்லாருக்கும் சொல்றேன். பாடகர் குழு உள்ள பாடிட்டிருந்தாங்க. ட்ரூடியோட கார் திறந்து இருந்தது."

ட்ரூடி கைப்பர்ஸ் ஆர்கன் வாசிக்கிறவர். சின்ன வயதில் எனக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியவர். இன்னும் நடத்துகிறார்.

"உள்ள வா பையா. செருப்பக் கழட்டு. சாப்பிட்டியா?"

"டீச்சர், உங்க கார்ல ஒரு பெட்டி பூசணி பீர்..."

"ஓ, அது நீ வெச்சதா?"

"நான் இல்ல டீச்சர், பாஸ்டர்."

"அதானே பார்த்தேன்! அன்னிலேர்ந்து என் முகத்தப் பார்க்காமலே ஜெபம் பண்றார்."

"பெட்டியத் திறந்தீங்களா?"

"திறக்காம? அதுல ஒரு பாட்டில் மட்டும் கழுத்தெல்லாம் கறுப்பா உருகி வழிஞ்சு கிடந்தது. கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

என் நெஞ்சில் ஜன்னலோரக் காற்று வீசியது. "கொட்டிட்டீங்களா?"

"கொட்டறதாவது! என்ன யாருன்னு நெனச்சே?" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "கெட்டதோட சேர்த்து அப்படியே தூக்கிட்டுப் போய் வெண்டெல் பௌமாவோட வேன்ல வெச்சுட்டேன். வித்தவன் அனுபவிக்கட்டும்."

நான் போனபோது வெண்டெல் கடையைச் சாத்தப் போகிற நேரம். கல்லா மேஜைமேல் கறுப்பு மெழுகு பூசிய பாட்டில் ஒன்று தனியாக நின்றது. கழுத்தில் ஒரு அட்டை: 'கடைசி பாட்டில்'.

"வெண்டெல், அது என்னோடது!"

"உன் பேர் எழுதியிருக்கா?"

"சனிக்கிழமை உன்கிட்டதானேடா வாங்கினேன்! பூசணிப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன். லோர்னா அதை பாஸ்டருக்குக் குடுத்து, பாஸ்டர் டீச்சருக்குக் குடுத்து, டீச்சர் உன் வேன்ல..."

"கதை நல்லாருக்கு. ஆனா என் வேனுக்குள்ள இருக்கறது என் சரக்கு. ஆகஸ்டுல உன் காருக்குள்ள கிடந்த சுக்கினிய நீ யாருக்காவது திருப்பிக் குடுத்தியா?"

"அது நீ வெச்சதா!"

"பேச்ச மாத்தாதே. பாட்டில் வேணுமா வேணாமா?"

வெளியே பனி தூற ஆரம்பித்திருந்தது. அடுப்பு ஒரு பக்கமும் மெத்தைவிரிப்புக் கண்காட்சி ஒரு பக்கமும் என் கண்முன் வந்து நின்றன.

"வேணும்" என்றேன்.

"அப்ப கூட ஒரு பெட்டி எடுத்துக்க."

"டேய்!"

"சிபாரிசுதான்" என்றான் வெண்டெல், மிகுந்த பரிவோடு.

அவன் தூக்கிக் கொடுத்த பெட்டி லேசாக ஆடியது. திறந்து பார்த்தேன். ஒரு குழி காலி.

"ஒரு பாட்டில் குறையுதேடா."

"வரும்போதே குறைஞ்சுதான் வந்தது. எவனோ உருவியிருக்கான். நாட்டுல திருட்டு ஜாஸ்தியாயிடுச்சு கார்வின். காப்பீடு விக்கறவன், உனக்குத் தெரியாததா?"

வேட்டைக்கு முந்தின சாயங்காலம் மரவீட்டில் நால்வரும் கூடினோம். நான் பாட்டிலை மேஜைமேல் வைத்தேன். லேலண்ட் கையைக் கழுவிக்கொண்டு வந்து, யாரோ ஒருவருடைய கடைவாய்ப்பல்லைத் தொடுகிற பதவிசோடு மெழுகை வெட்டினார். நான்கு கிண்ணங்களில் இருமல் மருந்து அளவுக்கு ஊற்றினார். விளக்குக்கு நேரே பிடித்தார். மூக்கை உள்ளே விட்டார். விட்ட மூக்கு வெளியே வருவதற்குள் அடுப்பில் ஒரு கட்டை எரிந்து தீர்ந்தது.

"ஈரமான குதிரைச் சேணம்" என்றார் கடைசியில். "பழைய நூலகம். தூரத்துல... ரொம்ப தூரத்துல ஒரு பிளம்ஸ் பழம்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். தூரத்துப் பழத்தை அவர்களும் பார்த்துவிட்டார்கள் போல.

"கார்வின், இத எங்க வெச்சிருந்தே?"

"இருட்டான இடத்துல" என்றேன்.

"தெரியுது. வெச்ச இடத்தவிட்டு அசையவே இல்ல, சரிதானே? ஒரு குலுக்கல், ஒரு பயணம் இருந்தாகூட என் நாக்கு காட்டிக்குடுத்துடும். இந்த அமைதி, ஒரே இடத்துல ஓய்வா இருந்த பீருக்குத்தான் வரும்."

"கோயில்ல வெச்ச மாதிரி பார்த்துக்கிட்டாங்க டாக்டர்" என்றேன். பொய் சொல்லவில்லை.

அடுப்போரப் படுக்கை எனக்கு என்று லேலண்ட் அறிவித்தார். என் போர்வையை அங்கே விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டு, வெப்பத்தில் காலை நீட்டி ஒரு முறை படுத்தும் பார்த்தேன். பிறகு விறகு எடுத்து வருகிறேன் என்று வெளியே வந்தேன்.

என் காரின் பின்பக்கத்தைத் திறந்து பூசணிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் லேலண்டின் புது டிரக் பக்கம் போனேன். பல் டாக்டர் வண்டியைப் பூட்டுகிற ஆள் இல்லை. தன் காருக்குள் சுக்கினி வைக்கிற அளவுக்குத் துணிச்சல் யாருக்கும் கிடையாது என்பது அவர் எண்ணம்.

பின்கதவைத் திறந்தேன். உள்ளே ஏற்கெனவே இரண்டு பெட்டிப் பூசணி இருந்தது.

மரவீட்டுக்குள்ளிருந்து மற்ற இருவரின் சிரிப்பு கேட்டது. என் பெட்டியைப் பாட்டில் உரசாமல் அவற்றின்மேல் ஏற்றி, கதவை மெதுவாகச் சாத்தினேன். விறகை அள்ளிக்கொண்டு திரும்பியவன், நாலடி நடந்து, நின்று, மறுபடி போய் என் காரைப் பூட்டிவிட்டு வந்தேன்.