மீன் ஏறும் நாளில் ஒரு விளக்கு

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. சின்ன ஓடைகளில் மின்சாரம் எடுக்கும் பொறியாளர் ஒருத்தி, என் பக்கத்து வீட்டுக்காரி, துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னது. "கதையெல்லாம் இல்லைங்க, ஒரு குழாய்ல தண்ணி போச்சு, அவ்வளவுதான்" என்றாள். எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: அடர்ந்த மழைக்காட்டின் மௌனத்தில்—

(அடித்துவிட்டேன். தவளையும் பூச்சியும் அங்கே மௌனத்துக்கு எங்கே இடம் விட்டன?)

2

நேராகவே சொல்கிறேன். சாலை எட்டாத காட்டுக் குடியிருப்பு. அங்கேயே பிறந்து, வெளியே போய்ப் படித்துத் திரும்பிய நர்ஸ் ஒருத்தி, பிரசவ அறைக்கு விளக்கு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுக்கலாம் என்றாள் என் பக்கத்து வீட்டுக்காரி. ஓடையில் மீன் பிடிக்கும் நர்ஸின் அண்ணன் மறித்தான்.

"தண்ணிய குழாய்க்குள்ள விட்டா பாறைப் படி காஞ்சிடும். மீன் எப்படி மேல ஏறி முட்டை போடும்?"

"அப்ப பொண்ணுங்க டார்ச் வெளிச்சத்துலயே பெத்துக்கணுமா அண்ணே?"

ஊர் கூடிப் பேசியது. முதல் மழையில் மீன் ஏறும் வாரங்களில் குழாயை மூடிவிடுவது, மற்ற நாளெல்லாம் விளக்கு என்று முடிவானது. மூடித் திறக்கும் பொறுப்பு அண்ணனுக்கே வந்தது.

(பேட்டரி இல்லையா என்பீர்கள். நானும் கேட்டேன். அந்த ஈரத்தில் அது சீக்கிரமே செத்துப்போனதாம்.)

3

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. மீன் ஏறத் தொடங்கி, அண்ணன் குழாயை மூடிய அன்று சாயங்காலமே அண்ணிக்கு வலி எடுத்தது. குழந்தை தலை திரும்பாமல் கால் முந்தி வந்தது. நர்ஸ் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

இங்கே அண்ணியை, "நான் சமாளிச்சுக்கிறேன், மீன் ஏறட்டும்" என்று சொல்லவைத்தேன். பிறகு அந்த வரியை அடித்தேன். வலியில் துடிக்கிறவள் என் கதைக்காக ஏன் தியாகியாக வேண்டும்? அவள் சொன்னது இதுதான்:

"லைட்டப் போடச் சொல்லுடி. எனக்குப் பயமா இருக்கு."

வாசலில் நின்ற அண்ணன் காதில் விழுந்தது. தங்கை வெளியே வருவதற்குள் குழாயைத் திறக்க ஓடிவிட்டான். குழாய் திறந்தது, விளக்கு எரிந்தது. பாறைப் படியில் தண்ணீர் வடிய, ஏறிக்கொண்டிருந்த மீன்கள் பள்ளங்களில் துள்ளின. அவன் சட்டையைக் கழற்றி நனைத்து, அதில் மீன்களை அள்ளி, மேலே கொண்டுபோய் விட்டான். பிடித்தே பழகிய கை. ஊரே பானையும் சட்டியுமாக வந்து சேர்ந்துகொண்டது.

"அண்ணே, பொண்ணு!" தங்கை ஜன்னலில் நின்று கூவினாள்.

"அவ எப்படி இருக்கா?"

"உன்னத்தான் திட்டிக்கிட்டு இருக்கா. நல்லா இருக்கா!"

"இதோ வரேன்... இன்னும் கொஞ்சம் மீனு கெடக்கு."

4

முடிவுதான் வரமாட்டேன் என்கிறது.

அடுத்த மழையில் ஓடை முழுக்க மீன்—

ஒன்றுகூட வரவில்லை. அவன்—

இரண்டையும் பாதியில் விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியாது. அடுத்த மழை இன்னும் வரவில்லை. அவன் இப்போது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, பாறைப் படியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறானாம்.

எனக்கு இதற்குமேல் எழுதத் தெரியவில்லை. நேரமிருந்தால் நீங்கள் அவன் பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள். குழந்தை தூங்குகிறது, மெதுவாகப் பேசுங்கள்.