இருபத்தெட்டு லைன் பட்டன்

தேயிலைத் தொழிற்சாலையின் ரோலர் இயந்திரம் பிரதாப்பின் வலது கையை இழுத்துக்கொண்டதிலிருந்து அவனுக்குச் சட்டை போட்டுவிடுவது மனைவி நிஷாந்தியின் வேலையாகிவிட்டது. மூன்று விரல்கள் போய்விட்டன. தோளும் மேலே எழாது, தலைவழியாக எதையும் மாட்ட முடியாது. முன்பக்கம் திறக்கும் சட்டை மட்டும்தான். டயகம மலைக் குளிரில் சட்டையில்லாமல் இருக்கவும் முடியாது. தினமும் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகும் முன் அவள் பட்டன்களைப் பூட்டிவிடுவாள். அவன் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அட்டனில் ஒரு தையல் தொழிற்சாலையில் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் கொழும்பில் அதே வேலை பார்த்தவள்தான். ஆனால் வாரம் முழுக்க விடுதியில் தங்க வேண்டும், சனிக்கிழமைதான் வீடு. சாப்பாட்டை, லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பிரா அறையில் இருக்கும் பிரதாப்பின் அக்கா ஜெயந்தினி பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

"சட்டைய யாரு போட்டு விடுறது?" என்றான் பிரதாப். "அக்கா முன்னாடி நெஞ்சத் தொறந்துகிட்டு நிக்கச் சொல்றியா?"

அவள் யோசித்துப் பார்த்து, சட்டையையே எடுத்துக்கொண்டு லிந்துலைக்குப் பஸ் ஏறினாள். அங்கே நூலும் பட்டனும் விற்கும் கடையில் முனீரா இருந்தாள். நிஷாந்தி விஷயத்தைச் சொன்னாள்.

முனீரா சட்டைப் பட்டனை நகத்தால் தட்டினாள். "இது பதினெட்டு லைன் புள்ள. பட்டனோட அகலத்த லைன்லதான் சொல்லுவாங்க. ஆம்பளச் சட்டைக்கு இதுதான் வழக்கம். கோட்டுக்கு முப்பது, முப்பத்திரெண்டு வரைக்கும் போகும். இவருக்குக் கொஞ்சம் பெருசு வேணும். இருவத்தி நாலு வச்சிப் பாருங்க."

நிஷாந்தி இருபத்து நாலைத் தைத்தாள். பட்டன்கள் பளபளவென்று வழுக்கின. துளையையும் பட்டனின் அகலத்துக்கே வெட்டியிருந்தாள். பிரதாப் இடது கையால் தள்ளிப் பார்த்தான், பட்டன் பாதியில் சிக்கி நின்றது.

மறுபடி கடைக்குப் போனபோது முனீரா சிரித்துவிட்டாள். "அகலத்த மட்டும் பாத்தா எப்புடி? பட்டன் தடிப்பையும் சேத்துல்ல துளை வெட்டணும்! இந்தா, இருவத்தி எட்டு. ஓரம் தூக்கியிருக்கு, விரல் புடிக்கும். துணியோட ஒட்டித் தைக்காதீங்க, அடியில நூலச் சுத்திக் கொஞ்சம் தூக்கி விடுங்க."

அவள் அப்படியே தைத்தாள். வெட்டிய துளைகளைச் சுற்றி நெருக்கமாகப் பின்னினாள். தன் கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் மட்டும் பூட்டிப் பார்த்தாள். சுலபமாக நுழைந்தது. பிரதாப்பிடம் கொடுத்தாள். அவன் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தான்.

"வரல," என்றான்.

"இன்னொரு தரம் பாருங்க."

"வரலன்னு சொல்றேன்ல."

மறுநாளும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அட்டனிலிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொன்னார்கள்.

அந்தப் புதன்கிழமை மழை வலுத்ததால் கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டார்கள். நிஷாந்தி வழக்கத்தைவிடச் சீக்கிரம் லயத்துக்கு வந்தாள். காம்பிராக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பிரதாப் கண்ணாடி முன் நின்றிருந்தான். காலையில் நேரமாகிவிட்டதென்று அவள் பூட்டாமல் விட்டுப்போன சட்டை கழுத்துவரை பூட்டியிருந்தது. இடது கட்டைவிரலால் ஒவ்வொரு பட்டனாகத் தள்ளி, அவன் அதைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் வரும் நேரத்துக்குள் கழற்றிவிடும் அவசரம் அவன் கையில் இருந்தது.

அவள் உள்ளே நுழைந்தாள். அவன் கை நின்றது.

"எத்தன நாளா இப்புடி?"

"நீ இந்தப் பட்டனத் தச்ச மறுநாள்லருந்து."

"அப்புறம் ஏங்க முடியலன்னீங்க?"

"முடியும்னா நீ போயிருவ."

"சனிக்கெழம வந்துருவேன்ல?"

"வருவியா?"

அவள் இடுப்பில் கட்டியிருந்த நனைந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். எத்தனையோ நாள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே அவள் அந்த விடுதியை நினைத்துப் பார்த்திருக்கிறாள். தனிக் கட்டில், பெண்களின் சிரிப்பு, யாரும் கூப்பிடாத காலை. அந்த நினைப்பில் ஒரு தடவைகூடச் சனிக்கிழமை வந்ததில்லை. அவளுக்கே அது இப்போதுதான் தெரிந்தது. அவனுக்கோ அது முன்பே தெரிந்திருக்கிறது.

"வருவேன்," என்றாள் கடைசியில். அந்தச் சொல் தாமதமாகத்தான் வந்தது. அவன் தலையை ஆட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். திறந்திருந்த சட்டைக்குள் நெஞ்சு குளிரில் நடுங்கியது. மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது, வெளியே போக இருவருக்கும் இடமில்லை.

மறுநாள் காலை அவன் சட்டையைத் தானே பூட்டினான். ஒன்றைக்கூட விடவில்லை.

"அட்டனுக்குப் போன் பண்ணு," என்றான். "வர்றேன்னு சொல்லு."

நிஷாந்தி போனைக் கையில் எடுத்தாள். அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் எண்ணை அழுத்தியிருப்பாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அவள் திரும்பி வரமாட்டாள் என்று தெரிந்தே, நிஜமாகவே போகச் சொல்கிறான்.

"அப்புறமா பேசிக்கலாம்," என்றாள்.

வெள்ளிக்கிழமையும் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய் மற்றப் பெண்களோடு வரிசையில் நின்றாள். மத்தியானம் இரண்டு முறை அட்டனிலிருந்து போன் அடித்தது. அவள் கைகள் கொழுந்தை விடவில்லை.