எரிக்காமல் விட்ட பூதம்

“பூதத்தை எரிக்கிறப்போ அதுக்கு வலிக்குமா டீச்சர்?”

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு சின்னப் பெண் ஒருமுறை கேட்டாள். “கதைதானே லா, கண்ணு” என்று டொரத்தி சிரித்துவிட்டாள். அவள் எழுதிய மாய நாவல் அப்போதுதான் வெளிவந்திருந்தது. ஆற்றைக் குடித்துத் தீர்க்கும் ஒரு பூதம். கடைசியில் நாயகி அதை எரித்து ஆற்றை மீட்பாள். உலு திராம் ஊரில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு வேலை முடிந்து வந்து, அந்தத் தீயைத்தான் டொரத்தி திரும்பத் திரும்ப எழுதினாள்.

அதைப் படமாக்க இயக்குநர் ரூபேந்திரன் கேட்டபோது அவள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: முடிவை மாற்றக் கூடாது. மற்றதையெல்லாம் அவன் தாராளமாக மாற்றினான். பறக்கும் படகு லாரியாயிற்று. வாயே திறக்காத கிளி ஓயாமல் பேசியது. டொரத்தி பல்லைக் கடித்துக்கொண்டாள். முடிவு தன்னுடையதாக இருந்தால் போதும்.

எரிக்கும் காட்சிக்கு முதல் நாள் அவன் கூப்பிட்டான். “அக்கா, பூதத்த எரிக்க முடியல. நீங்களே வந்து பாருங்க.”

விட்டுக்கொடுப்பதில்லை என்ற முடிவோடுதான் அவள் படப்பிடிப்பு நடந்த காஹாங்குக்குக் காரை ஓட்டினாள்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில், மரத்தடியில் படத்துக்குச் செய்த அட்டைப் பூதம் மீசையும் வெட்டுக்கத்தியுமாக நின்றது. நெற்றியில் குங்குமம், கழுத்தில் எலுமிச்சை மாலை, காலடியில் வாழைப்பழம். படப்பிடிப்புக் குழு விடுமுறைக்குப் போயிருந்த சமயத்தில், யாரோ புதிதாகக் காவல்சாமி வைத்திருப்பதாகத் தோட்டத்துச் சனங்கள் நினைத்துவிட்டார்கள்.

“என் புக்குல மீசையும் இல்ல, வெட்டுக்கத்தியும் இல்ல. நீங்க வெச்சா அவங்க முனியாண்டின்னு நெனைக்காம என்ன செய்வாங்க?”

“அலமாக், மீசை இல்லாட்டி பாப்பா மாதிரி இருந்துச்சுக்கா.”

“அட்டைன்னு சொல்லிட்டு எரிக்க வேண்டியதுதானே?”

“சொல்லியாச்சு. சரின்னுட்டாங்க. நம்ம பசங்கதான் தீக்குச்சியத் தொட மாட்டேங்கிறாங்க.” ரூபேந்திரன் கொஞ்சம் தயங்கினான். “நீங்க எரின்னா நானே எரிக்கிறேன். கொடுத்த வாக்கு இருக்கு.”

அப்போது செம்பனை உதிரிப்பழங்கள் பொறுக்கிய சாக்கோடு ஒரு பெண் வந்தாள். தோட்டத்தில் வேலை செய்யும் கிருஷ்ணம்மா. சாக்கை இறக்கிவிட்டுப் பூதத்தின் காலடியில் ஒரு செம்பருத்தி வைத்தாள்.

“அக்கா, இது படத்துக்குச் செஞ்ச பொம்மை” என்றாள் டொரத்தி.

“தெரியும்மா. தம்பி சொல்லுச்சு.”

“அப்புறம் எதுக்குப் பூ?”

“என் மகன் மனோகரன் தெனமும் ஜேபி டவுன்லேருந்து மோட்டார் சைக்கிள்ல பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறான். அவன நல்லபடியா கொண்டாந்து சேருன்னு இதுகிட்டதான் சொல்லி வெச்சேன். இப்ப அட்டைன்னு தெரிஞ்சதும், சொன்னதத் திருப்பி வாங்க முடியுமா?” கிருஷ்ணம்மா சிரித்தாள். “நீங்க எரிங்க. உங்க பொழப்பு. நான் அந்தப் பக்கமா போயிடுறேன்.”

சாக்கைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

டொரத்தி பூதத்தின் முன் நெடுநேரம் நின்றாள். அதற்கு எத்தனை பக்கம் தாகம் கொடுத்திருந்தாள், எத்தனை பக்கம் கோபம். அதனிடம் ஒருவர் ஒன்று கேட்கலாம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

“ரூபேந்திரா, என் கதையில ஆத்தத் திருப்பிக் கொடுன்னு யாராவது அதுகிட்ட கேட்டாங்களா?”

“இல்லக்கா. நேரா தீப்பந்தத்தோட போறா.”

“அப்ப, கேக்கட்டும்.”

மறுநாள் நாயகி பந்தத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். பூதம் வாயைத் திறந்தது. பின்னால் மறைந்திருந்த தண்ணீர் லாரி ஆற்றைத் திருப்பித் தந்தது.

படம் வெளியான அன்று அதை டொரத்தி மற்றவர்களோடு உட்கார்ந்து பார்த்தாள். கிளியை அவளால் இப்போதும் சகிக்க முடியவில்லை. கடைசிக் காட்சியில் அரங்கில் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். “புக்குல இருந்த முடிவு போச்சே, மிஸ்” என்று வெளியே ஒரு வாசகர் குறைபட்டார். “புக்கு அப்படியேதான் இருக்கு. இது அதவிட நல்லாருக்கு” என்றாள் அவள். அதைச் சொல்ல அவளுக்குச் சிரமமாக இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் தேவாலயத்தில் இறங்கினாள். மாலைப் பூசை முடிந்து பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. கேட்கக் காதில்லாத ஒன்றிடம் ஒரு தாய் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்தப் பூதத்தை எழுதி உருவாக்கியவள்தானே இனி அந்த வேண்டுதலைச் சுமக்க வேண்டும்? டொரத்தி ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, தான் பார்த்தே இராத மனோகரனின் பெயரைச் சொல்லி, அவன் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்று மண்டியிட்டாள். சுடர் அசையாமல் நின்றதும் எழுந்து போனாள்.