இடது கால் பிரேக்

என் வீட்டுக்காரர் யுகேந்திரன் ரேஸ் ஓட்டப் போகும்போது கையுறை மாட்டிக்கொள்வார். மெல்லிய அடிவைத்த ரேஸ் சப்பாத்தும் உண்டு. ரேஸ் நடப்பது சுங்கை ஆராவில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் இரண்டாவது அறையில். இரும்புச் சட்டத்தில் பொருத்திய ஓர் இருக்கை, அதற்கு முன்னால் ஸ்டீயரிங், காலடியில் மூன்று பெடல், எதிரே மூன்று திரை. இவை எல்லாம் வந்த நாளில் துணி மடிக்கும் மேசை ஹாலுக்குப் போனது. என் அம்மா வந்தால் படுக்கிற கட்டில் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போனது.

பாயான் லெப்பாஸில் கம்ப்யூட்டர் சில்லு செய்யும் ஃபேக்டரி ஒன்றில் அவர் இன்ஜினியர். கூட வேலை செய்கிறவர்கள் இருபது பேர் சேர்ந்து சனிக்கிழமை தோறும் அவரவர் வீட்டிலிருந்தே இணையத்தில் ரேஸ் ஓட்டுவார்கள். நடத்துவது மோகனராஜ் என்ற இளைஞன். யுகேந்திரன் எப்போதும் கடைசிக்கு ஓரிரு இடம் முந்தி வருவார். வந்துவிட்டு ஹாலுக்கு வந்து எனக்குக் காரணம் சொல்வார். இன்டர்நெட் மெதுவாகிவிட்டதாம். ஒரு தடவை நான் மிக்ஸி போட்டதால் கவனம் போய்விட்டதாம். தேங்காய்ச் சட்னிக்கும் செப்பாங் ரேஸ் பாதைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விளக்கம் சொல்வார்.

ஒருநாள் மோகனராஜ் வீட்டுக்கு வந்து அவர் ஓட்டுவதைப் பின்னால் நின்று பார்த்தான். கொஞ்ச நேரத்தில் சிரித்துவிட்டான்.

"அண்ணே, நீங்க வலது காலாலயே ரெண்டையும் மிதிக்கிறீங்க. ஆக்சிலரேட்டரை விட்டுட்டு பிரேக்குக்குக் கால் போறதுக்குள்ள கார் சும்மா உருளுது. ஒவ்வொரு வளைவுலயும் நேரம் போகுது. கியர் ஸ்டீயரிங்லயே இருக்கு, கிளட்ச் தேவையில்ல. இடது கால் சும்மாதான இருக்கு? பிரேக்கை அதுக்குக் குடுங்க."

"இருபது வருஷமா ரோட்டுல ஓட்றேன் லா. எனக்கு இதெல்லாம் வேணாம்," என்றார் இவர்.

அடுத்த வாரம் பார்த்தால் இடது கால் பிரேக்கை இவரே கண்டுபிடித்த மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார். சாப்பிடும்போது மேசைக்கு அடியில் இடது காலை அழுத்தி அழுத்திக் காட்டுவார். என் அம்மாவிடம் போனில் விளக்கினார். அம்மா பாவம், இவருக்குக் காலில் ஏதோ நோவு என்று நினைத்து எண்ணெய் தேய்க்கச் சொன்னாள்.

ஆனால் அவரால் முடியவில்லை. இருபது வருஷமாக அந்தக் கால் கிளட்சை மட்டுமே மிதித்திருக்கிறது. கிளட்ச் என்றால் அடிவரை ஒரே மிதி. அதே மிதியைப் பிரேக்கில் மிதித்தார். அந்த ரேஸ் பெடல், கால் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பதில்லை, எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்று பார்க்கும். திரையில் சக்கரம் நான்கும் பூட்டிக்கொள்ளும், கார் பம்பரம் மாதிரி சுற்றிப் புல்லில் போய் நிற்கும். இவர் பெடலைத் திட்டுவார். பெடலைக் கழற்றி, அரை அங்குலம் தள்ளி மாட்டி, மறுபடி திட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி மடித்துக்கொண்டே கதவோரம் நின்று பார்த்தேன். சிரித்தேனா என்று ஞாபகமில்லை. சிரித்திருப்பேன்.

"நீ வந்து உக்காரு பார்ப்போம்," என்றார். "ஆட்டோ லைசென்ஸ்காரிக்கு எல்லாம் சிரிப்புதான் வரும். உக்காந்தா தெரியும் எவ்ளோ கஷ்டம்னு."

நான் ஆட்டோ கியர் லைசென்ஸ் மட்டும் எடுத்தவள். கிளட்சைத் தொட்டதே இல்லை. எங்கள் வீட்டில் இது பத்து வருஷமாக ஓடுகிற நகைச்சுவை. கல்யாண வீடுகளில்கூட இதைச் சொல்லிச் சிரிப்பார்.

உட்கார்ந்தேன். முதல் வளைவில் கார் நேராக மணலுக்குள் போனது. என் இடது காலுக்கு அழுத்தவே தெரியவில்லை. வண்டி ஓட்டும்போது அது இத்தனை நாள் பாயில் படுத்துக் கிடந்த கால். அவர் கைதட்டிச் சிரித்தார். நான் எழுந்து போய் மீதித் துணியை மடித்தேன். ஆனால் ஒன்று புரிந்துவிட்டது. என் காலுக்கு ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான். அவர் காலுக்குத் தப்பாகத் தெரியும்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே செய்யலாம். அந்த நாள்களில் மதியம் சாப்பிட்டதும் அந்த அறைக்குப் போவேன். கையுறை இல்லை, சப்பாத்து இல்லை, வெறுங்கால். குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் மட்டும் அழுத்தினேன். முதலில் ரேஸே ஓட்டவில்லை. நேர்ப்பாதையில் போவது, நிறுத்துவது, மறுபடி போவது. ஒரு வாரம் கழித்துக் கால் சொன்ன பேச்சு கேட்டது. இதில் மிதிப்பது பெரிய விஷயம் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முதலில் பலமாக அழுத்திவிட்டு, வளைவுக்குள் கார் திரும்புகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தூங்குகிற பிள்ளையின் தலைக்கு அடியிலிருந்து கையை எடுக்கிற மாதிரி. அப்படி விட்டால் காரின் மூக்கு தானாக உள்ளே திரும்பும். முதல் தடவை அது திரும்பியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. எதற்காக இதைக் கற்றுக்கொண்டேன் என்று கேட்டால் மேன்மையான காரணம் ஒன்றும் இல்லை. அவரைவிட நன்றாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அது அவ்வளவு கஷ்டமும் இல்லை.

அவர் வேறு வழி கண்டுபிடித்தார். காலைப் பழக்க வேண்டும் என்றால் நாள் முழுக்கப் பழக்க வேண்டுமாம். அதனால் ரோட்டிலும் இடது காலாலேயே பிரேக் பிடிக்கப் போகிறாராம். அவருடைய கார் கிளட்ச் வைத்தது. ஆகவே என்னுடைய ஆட்டோ கியர் மைவி காரை எடுத்துக்கொண்டார்.

"இது ரோடு. உங்க கால் இன்னும் பிரேக்கைக் கிளட்ச்னு நினைக்குது. வேணாம்," என்றேன்.

"உனக்கு என்ன தெரியும்?" என்றார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சாயங்காலம், என்னை வேலையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தார். ஷிஃப்ட் விடுகிற நேரம். ஃபேக்டரி பஸ்கள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன, இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள். எங்களுக்கு முன்னால் பாதை காலியாக இருந்தது. தூரத்தில் விளக்கு மஞ்சளாகியது. லேசாகத் தொட்டாலே போதும். அவர் இடது காலால் அடிவரை மிதித்தார். பெல்ட் என் நெஞ்சை அறுத்தது. கார் நட்டுவைத்த மாதிரி அந்த இடத்திலேயே நின்றது. பின்னால் ஒரு சத்தம்.

இறங்கிப் பார்த்தேன். ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் காருக்கு அடியில் பாதி நுழைந்து கிடந்தது. ஓட்டியவர் ரோட்டில் உட்கார்ந்திருந்தார். ஃபேக்டரிச் சட்டை, ஐம்பது வயசு இருக்கும். வலது கை மணிக்கட்டுக்கு மேலே வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. நான் அவரிடம் ஓடினேன். என் வீட்டுக்காரர் பம்பரைப் பார்க்கப் போனார். தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அந்த மனுஷனைப் பார்த்துக் கத்தினார்.

"கண்ணு தெரியாதா? இடைவெளி விட்டு வரத் தெரியாதா?"

அடிபட்டவர் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அந்த நிமிஷத்தில் எனக்குக் கோபம் வரவில்லை. வாழைப்பழத்தை உரித்து உள்ளே அழுகலாக இருந்தால் வருமே, அந்த மாதிரி ஒன்றுதான் வந்தது.

ஆம்புலன்ஸ் வந்து அவரைக் கொண்டுபோனது. நானும் கூடப் போனேன். யுகேந்திரன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ரிப்போர்ட் கொடுத்தார். ராத்திரி சாப்பிடும்போது ரொம்ப நிம்மதியாகச் சொன்னார்.

"நாய் குறுக்க ஓடுச்சுன்னு சொல்லிட்டேன். பின்னால வந்து இடிச்சவன் மேலதான் தப்பு. சம்மன், அபராதம் எல்லாம் அவனுக்குத்தான்."

"எந்த நாய்?"

"ஏதோ ஒரு நாய். விடு லா."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் பெயர் இப்ராஹிம். நம் தமிழ் முஸ்லிம் குடும்பம், ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்க்கிற வேலை. கையில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். போலீஸ் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தது.

"நாய்னு சொல்றாங்களே தங்கச்சி. எந்த நாய்? நான் உங்க பின்னாலதான் வந்தேன். ஒரு கோழிகூடப் பார்க்கல," என்றார்.

"நாய் இல்லண்ணே. அவர் இடது காலால பிரேக் பிடிச்சுப் பழகினார். பலமா மிதிச்சுட்டார்."

"இடது காலாலயா? எதுக்கு?"

சொன்னேன். வீட்டு அறை, இருக்கை, திரை, சனிக்கிழமை ரேஸ், எல்லாம். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கேம் விளையாடியா என் கைய உடைச்சீங்க?" என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். 'உடைச்சீங்க' என்றதில் நானும் இருந்தேன். வாங்கிப்போன ஆரஞ்சை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்த சார்ஜண்டிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டு தடவை கேட்டார். "புருஷன் மேலயா சொல்றீங்க?" என்று மலாயில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை. இரண்டு மொழியிலும் ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டார்.

சம்மன் யுகேந்திரன் பேருக்கு மாறியது. அவர் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில் பாகான் டாலாமில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போனார். கையுறையை மறக்கவில்லை. மாமியார் போன் பண்ணி, கட்டினவனைப் போலீஸில் காட்டிக்கொடுத்தவள் என்று என்னைத் திட்டினார். உடைந்த கை யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மோகனராஜ் கூப்பிட்டான்.

"அண்ணே இன்னிக்கு வரலையா அண்ணி? ஒரு கார் குறையுதே."

"நான் ஓட்றேன்," என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே சரி என்றான். நடுவில் எங்கேயோ முடித்தேன், எனக்குப் பின்னால் பாதிப் பேர். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

இரண்டு வாரத்தில் யுகேந்திரன் திரும்பி வந்தார். மனம் திருந்தி வந்தார் என்று நினைக்க வேண்டாம். காலையில் பாலத்தில் நெரிசல் தாங்க முடியவில்லையாம், வேலைக்குத் தாமதமாகிறதாம். கதவைத் திறந்தேன். அடுத்த சனிக்கிழமை நான் இருக்கையில் உட்கார்ந்ததைப் பார்த்தார். பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். ரேஸ் ஓடும்போது, "இப்ப மிதி, இப்ப விடு," என்று முணுமுணுத்தார். ஒவ்வொன்றும் ஒரு நொடி பிந்தி வந்தது.

அன்றைக்கு ஐந்தாவதாக வந்தேன். எல்லார் குரலும் அறையில் ஸ்பீக்கரில் கேட்டது. மோகனராஜ் சொன்னான்: "அண்ணி சூப்பர் லா! அண்ணே நல்லா கத்துக் குடுத்திருக்காரு."

பின்னாலிருந்து இவர் மைக்குக்குக் கேட்கிற மாதிரி குனிந்தார். "பின்ன? ஆட்டோ லைசென்ஸ்காரிய இவ்ளோ தூரம் கொண்டு வந்தது யாரு?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"அவர் எனக்கு ஒண்ணும் கத்துக் குடுக்கல," என்றேன். "அவர் ரோட்டுல இடது காலால பிரேக்கை மிதிச்சு ஒரு மனுஷனோட கைய உடைச்சாரு. உங்க ஃபேக்டரிக்கு எதிர்த்த ஃபேக்டரிக்காரர், பேரு இப்ராஹிம். உடைச்சுட்டு, நாய் ஓடுச்சுன்னு போலீஸ்ல பொய் சொன்னாரு."

ஸ்பீக்கரில் யாரோ ஒருவன் கேட்டான்: "அப்போ கார் ஸ்பின் ஆச்சா?"

இவர்களோடுதான் சனிக்கிழமை தோறும் பொழுதைக் கழிக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. இணைப்பைத் துண்டித்தேன். திரும்பிப் பார்த்தபோது பின்னால் நாற்காலி காலியாக இருந்தது.

திங்கட்கிழமை அவர் ஃபேக்டரியில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. காண்டீனில் இவர் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறதாம். அதற்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை, அந்த வாரக் கடைசியில் பழக்கூடை ஒன்று வாங்கிக்கொண்டு இப்ராஹிம் அண்ணன் வீட்டைத் தேடிப் போனார். அரை மணி நேரத்தில் கூடையோடு திரும்பி வந்தார்.

"கதவையே தொறக்கல. உள்ள டிவி சத்தம் கேக்குது, ஆனா தொறக்கல," என்றார். "நீ ஒரு தடவ வாயேன். உன்னைத்தான் தெரியுமே அவங்களுக்கு."

"என்னைத் தெரிஞ்சு என்ன? மிதிச்சது யாரு? நீங்களே போங்க."

அடுத்த வாரம் மறுபடி போனார். இந்தத் தடவை கை வீசிக்கொண்டு வந்தார், ஆனால் முகம் சுருங்கியிருந்தது.

"பழத்த வாங்கிக்கிட்டாரு. மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னேன். தலைய ஆட்டிட்டுக் கதவச் சாத்திட்டாரு. உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல, காமினி."

பெரிய அநியாயம் நடந்த மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் சொல்லணும்?" என்றேன்.