விரிசலின் நுனி

காலை பத்து மணிக்கு இரும்புப் படகின் மேல்தட்டில் 'டப்' என்று ஒரு சத்தம். இஞ்ஞாசி ஓடிவந்து பார்த்தார். மீன் அறை வாயின் மூலையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குத் தகடு வெடித்திருந்தது. படகு அலையில் ஏறும்போதெல்லாம் அது வாய் பிளந்து மூடியது. படகின் ஓரம்வரை ஓடிவிட்டால் அவ்வளவுதான், ஏழு உயிரும் கடலுக்கு. தேங்காய்ப்பட்டணம் போய்ச்சேர இன்னும் எட்டு மணி நேரம். படகுக்கு உடைமைக்காரர் அவர்தான்.

மகள் ஷைஜாவின் கணவன் பெனிட்டோ பக்கத்தில் குந்தினான். குவைத்தில் குழாய்களில் வெடிப்பு உண்டா என்று சோதிக்கிற வேலை அவனுக்கு. லீவில் வந்தவன், ஆழ்கடலைப் பார்க்கும் ஆசையில் படகேறியிருந்தான்.

"மாமா, டிரில்லை எடுங்க. இதுக்க நுனியில ஒரு ஓட்டை போடணும்."

"நடுக்கடல்ல படகுல ஓட்டையா? உமக்கென்ன கிறுக்கா வேய்? ஏலே, வெல்டிங் மெசினை எடுங்கலே!"

"வெல்டு வச்ச எடத்துலதான் மாமா வெடிச்சிருக்கு. நுனி கூரா இருக்கதுனால ஓடுது. வட்டமாக்கிட்டா நிக்கும்." அந்த மூலையில் நின்ற, கப்பி மாட்டும் இரும்புக்காலைக் காட்டினான். "இதை ஆரு வச்சது?"

போன மாதம் இஞ்ஞாசியேதான் அதைப் பற்றவைத்தார். நமக்குத் தெரியாத வேலையா என்ற மிதப்பு. பாழாய்ப்போன மிதப்பு! கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதுபோல, ஒரு மாதத்து அலைகள் அந்த மூலையை ஒடித்துவிட்டன.

"நான்தான்," என்றார்.

டப்! வெடிப்பு இன்னும் இரண்டு விரல் ஓடியது.

"போடும் வேய், போடும்!"

பெனிட்டோ அந்த இடத்தில் டீசலைத் தடவித் துடைத்தான். யாருடைய பையிலிருந்தோ முகப்பவுடரை வாங்கித் தூவினான். வெடிப்புக்குள் இறங்கியிருந்த டீசல் வெள்ளையில் ஈரக்கோடாக ஊறி எழுந்தது, கண்ணுக்குத் தெரிந்த நுனியைத் தாண்டி மூன்று விரல் தள்ளி. அங்கே டிரில்லை ஊன்றினான். இரும்பு கிறீச்சிட்டது. பெரிய அலை ஒன்று வருவதைப் பார்த்து ஆட்கள் புனித அந்தோணியாரைக் கூப்பிட்டார்கள். துளை மறுபக்கம் போன நேரத்தில் படகு தூக்கியது. டப்! கோடு ஓடிவந்து துளையில் விழுந்தது.

அதற்குமேல் அசையவில்லை. நாலு அலை போயிற்று. இஞ்ஞாசி அப்போதுதான் மூச்சுவிட்டார்.

பெனிட்டோ இரும்புக்காலின் மறுபக்கத்திலும் பவுடர் தூவினான். அங்கேயும் ஒரு கோடு எழுந்தது.

"மாமா..."

இஞ்ஞாசி டிரில்லைப் பிடுங்கினார். "நீரு விலகும். எங்க போடணும்னு விரலை மட்டும் வையும்."

விரல் வைத்த இடத்தில், தன் சொந்தப் படகின்மேல், உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினார்.