சர்க்கரை இல்லாமல் ஒன்று

குட்டி வண்டியின் செயினுக்குள் இறுகிக் கிடந்த மண்ணை இரும்புக் கம்பியால் குத்திக் குத்தி வெளியே தள்ளிக்கொண்டிருந்தார் செயின் அண்ணன். முந்தின நாள் மழையில் வேலை முடித்த ஆபரேட்டர் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டுக் கிளம்பியிருந்தான். மண் ஈரமாக இருக்கும்போது கையாலேயே வழித்துவிடலாம். காய்ந்துவிட்டால் கல்தான். அதோடு ஓட்டினால் ரோலர் தேயும், ரப்பர் கிழியும், ஒரு திருப்பத்தில் செயினே கழன்று விழும். வாய் வலிக்கச் சொல்லியாயிற்று. "குளிப்பாட்டி விடத்தான் நீங்க இருக்கீங்களே அண்ணே" என்று சிரித்துவிட்டுப் போவான் ஆபரேட்டர்.

சக்கரத்துக்குப் பதில் செயினில் ஓடும், மண் தோண்டும் வண்டிகளை வாடகைக்கு விடும் யார்டு அது. பெரிய வண்டி நுழைய முடியாத சந்துக்கும் கொல்லைப்புறத்துக்கும் குட்டி போகும். இருக்கிற வண்டி அத்தனைக்கும் மெக்கானிக் இவர் ஒருவர்தான். வண்டிகள் காலையில் வெளியேறிவிட்டால் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. ரிப்பேருக்கு நிற்கும் வண்டியோடு பேசிக்கொள்வார். யாராவது பார்த்தால் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

கேட்டுக்கு வெளியே லாரி வந்து நின்றது. சூப்பர்வைசர் போனும் கையுமாக வந்தான்.

"அண்ணே, குட்டியை ஏத்திரலாமா?"

"மேல் கைப் பக்கம் எங்கயோ ஆயில் கசியுது சார். ஹோஸ் மாத்தணும்னு போன வாரமே சொன்னேன்."

"வரும் வரும். இப்போ எந்த இடம்னு மட்டும் பாருங்க. டேப்பைச் சுத்தி அனுப்பிரலாம்."

இன்ஜின் ஓடினால்தான் கசிவு தெரியும். தெரியும் என்பதும் பேச்சுக்குத்தான். ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து ஆயில் பீறிடும் வேகத்தில் கண்ணுக்கு எதுவும் படாது. ஒரு அட்டையை ஹோஸை ஒட்டி நகர்த்திக்கொண்டே போக வேண்டும், எங்கே நனைகிறதோ அதுதான் இடம். கையை வைத்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அவருடைய டூல் பெட்டியில் எப்போதும் ஒரு அட்டை இருக்கும். அன்று தரையெல்லாம் சேறு. வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்க அந்த அட்டையைத்தான் முதுகுக்குக் கீழே விரித்திருந்தார். அது ஊறிப்போய்ச் சேற்றோடு சேறாகக் கிடந்தது. வேறு அட்டை தேடலாம் என்று திரும்பியபோது லாரிக்காரர் ஹாரனை விடாமல் அழுத்தினார். சூப்பர்வைசர் வாட்சைப் பார்த்தான். இன்ஜினை ஓடவிட்டு, செயின் அண்ணன் ஹோஸ்மேல் வலது கையை வைத்துத் தடவினார்.

ஆள்காட்டி விரலில் சுருக்கென்றது. எறும்புக்கடி அளவுதான். பார்த்தால் ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை.

"ஆயில் உள்ள ஏறிடுச்சு சார்."

சூப்பர்வைசர் விரலை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான். "எங்கண்ணே? பூதக்கண்ணாடி வச்சுத்தான் தேடணும் போல." லாரிக்காரர் சிரித்தார். கூடவே செயின் அண்ணனும் சிரித்துவைத்தார். பின்னாளில் அவர் மனதைப் போட்டு அறுத்தது அந்தச் சிரிப்புதான். வலி இல்லாத காயத்துக்கு யாரிடம் போய் முறையிடுவது என்று அப்போது தோன்றியது. டேப்பைச் சுற்றிக் குட்டியை லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

மதியத்துக்குள் விரல் வீங்கி, தோல் பளபளத்து வெளுத்துவிட்டது. ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. சூப்பர்வைசர் தெருமுனை கிளினிக்குக்குப் போன் போட்டு, "நம்ம ஆளுதான் டாக்டர், முள்ளு குத்திருச்சு" என்றான். அந்த டாக்டரும் முள்ளுக்கு உண்டான ஊசியைப் போட்டு, முள்ளுக்கு உண்டான மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார். ஆயில் என்று இவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

விடியும்போது முழங்கைவரை வலி ஏறியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போனார். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரே கேள்வி.

"கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் இல்லம்மா."

"ஆளைக் கூட்டிட்டு வாங்க."

எங்கிருந்து கூட்டிவருவது? பிள்ளை குட்டி இல்லை. மனைவி வேறு ஊரில் இருந்தாள். அங்கே ஒரு வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியம்மாவைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. லீவு கேட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். கடைசியில் விரலைப் பார்த்த டாக்டர்தான் உள்ளே படுக்க வைத்தார்.

"உடனே வந்திருந்தா கீறி ஆயிலை எடுத்திருக்கலாம். இப்போ விரலை எடுத்தாத்தான் கை மிஞ்சும்."

இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் மனைவியைக் கூப்பிட்டார். விரல் என்று சொல்லாமல், சின்ன ஆபரேஷன் என்றார்.

"கூட யாருங்க இருக்கா?" அவளும் அதையே கேட்டாள்.

"ஆபரேட்டர் இருக்கான். டீ வாங்கப் போயிருக்கான்."

"வந்ததும் அவன்கிட்டக் குடுங்க. நான் ரெண்டு வார்த்தை சொல்லணும்." அதற்குள் அவளுக்குப் பின்னால் ஒரு கிழக்குரல் முனகியது. "இருங்க, அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கணும். அப்புறம் கூப்பிடுறேன்."

போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்துக் கட்டில்களில் ஆளுக்கு ஒருவர் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியாத அந்தப் பெரியம்மாமேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஆபரேஷன் முடிந்த பிறகு சூப்பர்வைசர் ஒரு தடவை வந்தான். கட்டிலின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தான்.

"சர்க்கரையாமே அண்ணே?"

"யார் சொன்னா? ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. சர்க்கரை இல்லைன்னு சொல்லிட்டாங்க."

"முள்ளு குத்தினதுக்கெல்லாம் விரலை எடுப்பாங்களா? சர்க்கரையாத்தான் இருக்கும்னு முதலாளி சொல்றார்."

வேலையில் பட்ட காயம் என்றால் ஆஸ்பத்திரிச் செலவு யார்டுடையது. தேறி வரும்வரை வேலையும் அவருக்காகக் காத்திருக்கும். வியாதி என்றால் அவரவர் பாடு.

கட்டுப் பிரித்து, புண் ஆறியதும் யார்டுக்குப் போனார். முதலாளி நாற்காலி போடச் சொன்னார். அதிலேயே விஷயம் பாதி புரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

"எங்க குத்துச்சுன்னு சொன்னீங்க?"

"ஆள்காட்டி விரல்ல சார்."

முதலாளி அந்தக் கையைப் பார்த்தார். விரல் இருந்த இடத்தில் சிவந்த மேடு மட்டும் இருந்தது. "இல்லாத விரல்ல என்னத்தைப் பார்க்கிறது?" கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

"ஆயில்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்கார் சார். சர்க்கரை இல்லைன்னும் எழுதியிருக்கார்."

"நீங்க சொல்லியிருப்பீங்க, அவர் எழுதியிருப்பார். முதல்ல பார்த்த கிளினிக்ல முள்ளுன்னுதானே இருக்கு? எங்க அப்பாவுக்கும் கால் விரல்ல இப்படித்தான் ஆரம்பிச்சது. உங்களைப் போகச் சொல்லலை. நல்லா ஓய்வெடுங்க. சர்க்கரை கட்டுக்குள்ள வரட்டும், அப்புறம் வேலையைப் பத்திப் பேசலாம்."

வெளியே வந்தார். வராத ஒன்றை எப்படிக் கட்டுக்குள் கொண்டுவருவது என்று அவருக்கு விளங்கவில்லை.

கொட்டகையில் குட்டி நின்றது. கால் தானாக அதன் பக்கம் போயிற்று. மேல் கையில் புது ஹோஸ் கருகருவென்று மின்னியது.

"எப்போ மாத்தினாங்க?" என்று ஆபரேட்டரிடம் கேட்டார்.

"நீங்க ஆஸ்பத்திரி போன மறுநாளே வந்திருச்சுண்ணே."

"பழசு?"

"காயலான் கடைக்குப் போயிருச்சு. எதுக்குண்ணே?"

அவர் குனிந்து செயினைப் பார்த்தார். உள்ளே மண் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. இடது கையால் கம்பியை எடுத்து ஒரு குத்துக் குத்தினார். கம்பி வழுக்கிக்கொண்டு போயிற்று.

"விடுங்கண்ணே. உடம்பு முக்கியம்" என்று ஆபரேட்டர் கம்பியை வாங்கி ஓரமாகச் சாத்தினான்.

டீக்கடைக்காரர் தட்டோடு வந்தார். தட்டின் மூலையில் ஒரு கிளாஸ் மட்டும் மற்றவற்றை ஒட்டாமல் தனியாக நின்றது.

"சர்க்கரை இல்லாம ஒண்ணு சொன்னீங்களே, யாருக்கு?"

"அண்ணனுக்குத்தான்" என்றான் ஆபரேட்டர். "சூப்பர்வைசர் சொல்லிட்டுப் போனார். இனிமே தினமும் ஞாபகமா கொண்டு வாங்க."

"எனக்குச் சர்க்கரை இல்லடா."

"எங்க சித்தப்பாவும் இப்படித்தான் சொல்லிட்டிருந்தார். கடைசியில காலையே எடுத்தாங்க. குடிங்கண்ணே."

அவன் கண்ணில் கேலி இல்லை. உண்மையான அக்கறைதான் இருந்தது. அந்தக் கிளாஸை எடுத்து அவர் கையில் கொடுத்தான். மீதி நான்கு விரல்களுக்குள் அது சரியாக நிற்கவில்லை. இடது கையையும் அணைகொடுத்துப் பிடித்துக்கொண்டார். கொட்டகையில் இருந்தவர்கள் தங்கள் டீயை உறிஞ்சிக்கொண்டே, அவர் அதைக் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.